சனிக்கிழமைக் கட்டை மன்றம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முடிவானபடி, வரும் சனிக்கிழமை முதல் மதியம் 2.30 மணியிலிருந்து 4.30 வரை நம் பள்ளியில் கட்டை மன்றம் நடக்கும். லெகோ மாதிரியான பிளாக்ஸ் கட்டைகள்தான். 3-ஆம் வகுப்பு முதல் 8 வரை படிக்கிறவர்கள் சேரலாம். செவ்வாய்ப்பேட்டைப் பிள்ளைகள் வேறு பள்ளியில் படித்தாலும் வரட்டும். கட்டணம் கிடையாது.

“பரீட்சை வருகிற நேரத்தில் விளையாட்டா சார்?” என்று கூட்டத்திலேயே ஓர் அம்மா கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பிள்ளைகளை மூன்று மூன்று பேராக உட்கார வைப்போம். ஒருவர் கையில் வரைபடம் இருக்கும். அவர் கட்டையைத் தொடக்கூடாது. இன்னொருவரிடம் பெட்டி, கேட்ட கட்டையை மட்டும் எடுத்துக் கொடுப்பார். மூன்றாமவர் பொருத்துவார், அவருக்கு வரைபடத்தைக் காட்ட மாட்டோம். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வேலை கை மாறும். இந்த முறை நம்முடையதல்ல. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் மற்றவர்களோடு பேசிப் பழகுவதற்காக அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் டேனியல் லெகாஃப் உருவாக்கி, 2004-இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது வேண்டும் என்பது என் எண்ணம். வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் வீட்டாருக்கு விளக்கவே தேவையில்லை: கம்பி இழுப்பவர் பிசகினால் மெருகு போடுபவர் என்ன செய்தும் கொலுசு திரும்பித்தான் வரும்.

சோதனையாக ஒரு நாள் நடத்திப் பார்த்தோம். வரைபடம் வைத்திருந்த ஐந்தாம் வகுப்புப் பையன், “அத எடு... அது இல்ல, அது!” என்று கத்தினான். பெட்டிக்காரி கையைக் கட்டிக்கொண்டு, “எது?” என்றாள். முறைத்தான். அவளும் விடவில்லை. கடைசியில், “சிவப்பு, நாலு புள்ளி, தட்டையா இருக்குமே, அது” என்றான். கட்டை கைக்கு வந்துவிட்டது. வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்கத் தயங்குகிற பையன் அவன்.

கணக்கும் உண்டு. ஒரே நிறத்தில் எட்டுப் புள்ளிக் கட்டைகள் (வரிசைக்கு நாலாக இரண்டு வரிசை) இரண்டை 24 விதமாகப் பொருத்தலாம். இதைக் கையால் அடுக்கியே சரிபார்த்துவிடலாம். ஆறு கட்டை என்றால் 91,51,03,765 விதம். அதைச் சரிபார்க்க யாரையும் உட்கார வைக்கப் போவதில்லை!

நம் மாணவி ஒருத்தியின் தாத்தா, ஓய்வுபெற்ற கொத்தனார், முதல் வாரம் வருகிறார். செங்கல் மூட்டுக்கு மேல் மூட்டு விழுந்தால் சுவர் ஏன் பிளக்கும் என்று கட்டையிலேயே காட்டுவார். அதைக் கற்றபின் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தைக் கட்டிப் பார்ப்பதாகத் திட்டம்.

வாரம் இரண்டு பெரியவர்கள் துணைக்கு வேண்டும். அப்பா, அம்மா, பாட்டி, சித்தப்பா யாரானாலும் சரி. ஒரே ஒரு கண்டிப்பு: பிள்ளையின் கையிலிருந்து கட்டையை வாங்கி, “இப்படி வைடா” என்று நீங்கள் வைத்துக் கொடுக்காதீர்கள். கட்டியது சரிந்து விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தவும் வேண்டாம். அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள், போதும். உங்களுக்கும் கட்ட ஆசையாக இருந்தால் 4.30-க்கு மேல் தாராளமாக உட்காருங்கள், நானும் வருகிறேன்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கட்டைகள் எந்தக் கம்பெனியுடையதானாலும் கொடுத்தனுப்புங்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கோணிக்கொள்ளும், பிறகு பொருந்தாது. மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கைகளைக் கூட்டி வர வேண்டாம். சின்னத் துண்டுகள் தொண்டையில் சிக்கிவிடும்.

இத்துடன் உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு, துணைக்கு வர முடிந்த சனிக்கிழமையையும் குறித்து, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
சேலம்