கூடைப்பந்துக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோடைப் பயிற்சி முகாம் மே மாதம் வழக்கம்போல் நடந்தது. மைதானக் கோடுகளுக்குப் புது பெயின்ட் அடித்தோம். விளக்கு பழுது பார்க்கப்பட்டது.

இந்த ஆண்டு என் நேரமெல்லாம் பந்துக்கே போனது. மாவட்டப் போட்டியில் எதிரணி தவறு செய்தால் தடையில்லாமல் கூடையில் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்களை நம் பையன்கள் வரிசையாகத் தவறவிட்டார்கள். பயிற்சி போதவில்லை என்று சிலர் சொன்னதை நான் ஏற்கவில்லை. விடியற்காலை ஐந்தரைக்கே வந்து நிற்கிற பிள்ளைகள் அவர்கள். இங்கே சிமெண்ட் தரையில் அவர்கள் போட்டுப் பழகுவது ரப்பர் பந்து. அங்கே கையில் கொடுத்ததோ காம்போசிட் லெதர், அதாவது செயற்கைத் தோல் பந்து.

ஊருக்குத் திரும்பியதும் கோச்சும் நானும் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, 1.8 மீட்டர் உயரத்திலிருந்து பந்துகளை விட்டுப் பார்த்தோம். எழும்பும் பந்தின் உச்சி 1.2 மீட்டருக்கும் 1.4 மீட்டருக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது நடுவர்கள் வெகுகாலமாகப் பார்த்துவந்த கணக்கு. நம் ரப்பர் பந்துகளில் இரண்டு மேல்கோட்டைத் தாண்டிப் போயின. காற்றைக் குறைத்தால் கோட்டுக்குள் வருகிறது, ஆனால் கையில் பொதபொதவென்று இருக்கிறது.

பெரிய சிக்கல் பிடிதான். நம் பந்துகளின் மேற்பரப்பில் உள்ள சிறு புடைப்புகள் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டன. ஒரு பையன் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் உள்ளங்கையை டிராயரில் துடைத்துக்கொண்டே இருந்தான். விரல் நுனி பந்தைக் கடைசியாக விடும்போது பிடிமானம் இருந்தால்தான் பேக்ஸ்பின், அதாவது பந்து பின்னோக்கிச் சுழல்வது, கிடைக்கும். அந்தச் சுழற்சி இருந்தால், ரிங்கில் பட்ட பந்து வேகம் அடங்கி உள்ளே விழ வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால் வெளியே தெறிக்கும்.

2006இல் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. தோல் பந்தை விட்டு மைக்ரோஃபைபர் என்ற செயற்கை இழைப் பந்துக்கு மாறியது. விரலில் கீறல் விழுகிறது, வியர்வை பட்டால் வழுக்குகிறது என்று ஆட்டக்காரர்கள் முறையிட்டார்கள். 2007 ஜனவரி 1 முதல் தோல் பந்தே திரும்ப வந்தது. அவர்களுக்கே அப்படியென்றால் நம் பிள்ளைகளைக் குறை சொல்வது நியாயமில்லை.

அசல் தோல் பந்து நம் தரையில் சீக்கிரம் உரிந்துவிடும். ஆகவே பயிற்சியின் கடைசி அரைமணி நேரத்துக்காவது காம்போசிட் பந்து வேண்டும் என்று செயற்குழுவில் இருமுறை வைத்தேன். இரண்டு முறையும் கோரம் இல்லை, முடிவெடுக்கத் தேவையான அளவு ஆட்கள் வரவில்லை. வர இயலாதவர்கள் ஒரு போன் செய்திருக்கலாம். சந்தா பாதிப் பேரிடமிருந்துதான் வந்திருக்கிறது. பிள்ளைகளை அனுப்புகிற வீடுகளிலும் பாக்கி நிற்கிறது. கடைசியில் என் கைப்பணத்தில் இரண்டு பந்து வாங்கினேன்.

வரவு செலவுக் கணக்கு பொருளாளரிடம் உள்ளது. செலவு போகச் சொற்பமே கையிருப்பு. நன்கொடையாளர்களுக்கும், மைதானம் கூட்டித் தரும் அம்மாவுக்கும், கோச்சுக்கும் கழகத்தின் நன்றி.

வரும் ஆண்டு இந்தப் பொறுப்பில் நான் தொடர்வதா வேண்டாமா என்பதைக் கூட்டம் முடிவு செய்யட்டும். யார் வந்தாலும் குறைந்தது ஆறு பந்தாவது தேவைப்படும். இரண்டு பந்தால் பதினெட்டுப் பிள்ளைகள் முறைவைத்து எறிகிறார்கள். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகும் அரைமணி நேரம் அங்கேயே இருப்பேன்.

செயலாளர்