பழைய காருக்குப் பெயின்ட் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

15 வயது தாண்டிய கார்களால் விபத்து வரும், அவற்றை எல்லாம் பழைய இரும்புக்கு அனுப்பிவிட வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். டெல்லியை உதாரணம் காட்டியிருந்தார். அவருக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பாதிக் கடிதம் பழைய கார் வைத்திருக்கும் எங்கள் ஆட்களைத் திட்டுவதில்தான் போகும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் கடலூர் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் படகு வேலைதான் அதிகம். இப்போது மெக்கானிக்குகள் கழற்றி அனுப்பும் பிரேக் டிரம்களும் டிஸ்க்குகளும்தான் சோறு போடுகின்றன. என் பட்டறைக்குக் கார் வருவதில்லை, அதன் உறுப்புகள்தான் வரும். வண்டி என்ன கலர், யாருடையது என்று தெரியாது. ஆனால் டிரம்மைக் கையில் வாங்கினால் ஓட்டுகிறவர் எப்படிப்பட்டவர் என்று ஓரளவு சொல்லிவிடலாம். சொந்தமாக ஓர் அம்பாசடர் இருக்கிறது, டீசல் வண்டி. அதைச் செய்த உத்தரபாரா தொழிற்சாலையை 2014இல் மூடிவிட்டார்கள் என்றாலும் உதிரி பாகத்துக்கு இன்னும் பெரிய பஞ்சம் வந்துவிடவில்லை.

டெல்லித் தடை புகைக்காக வந்தது. 10 வருஷம் தாண்டிய டீசல், 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. மூச்சுவிட முடியாத ஊருக்குப் போட்ட உத்தரவு அது. வாசகர் கவலைப்படுவது விபத்தைப் பற்றி. விபத்து என்று வந்தால் பார்க்க வேண்டியது டயர், பிரேக், சஸ்பென்ஷன் மூன்றையும்தான். ஐந்து வயதுக் காரில் பாழான பிரேக்கையும் பார்த்திருக்கிறேன், முப்பது வயதுக் காரில் கண்ணாடி மாதிரி டிரம்மையும் பார்த்திருக்கிறேன்.

சரி, அதை யார் பார்க்கிறார்கள்? நம் பக்கம் சொந்தக் காருக்கு 15 வருஷம் முடிந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை. 600 ரூபாயாக இருந்த புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025இல், 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். கட்டணத்தைப் பற்றி நான் புலம்பவில்லை. பத்தாயிரம் வாங்குகிறவர்கள் வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்க்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். கடைசியாக நான் வண்டியைக் காட்டப் போன இடத்தில் சேஸிஸ் நம்பரைப் பார்த்தார்கள், விளக்கைப் போடச் சொன்னார்கள், ஹாரன் அடிக்கச் சொன்னார்கள். ‘பெயின்ட் நல்லா வெச்சிருக்கீங்க’ என்று பாராட்டும் கிடைத்தது. ஜாக்கி வெளியே வரவே இல்லை.

அதனால்தான் எஃப்.சி. தேதி நெருங்கினால் பழைய கார் முதலில் டிங்கர் ஷெட்டுக்குப் போகிறது. கதவுக்கு அடியில் அரித்த இடத்தில் தகடு வைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, சீட் கவர் தைத்து, காசு தீர்ந்த பிறகு மெக்கானிக்கிடம் போய், ‘பிரேக்கை லேசா டைட் வெச்சு விடுங்க’ என்பார்கள்.

சமீபத்தில் ஒரு தம்பி இரண்டு டிரம்களைச் சாக்கில் கட்டி பைக்கில் கொண்டுவந்தார். கல்யாண ஊர்வலத்துக்கும், புதுச்சேரி ஒயிட் டவுனில் மாப்பிள்ளை பெண்ணை நிற்க வைத்துப் படம் எடுப்பதற்கும் வாடகைக்கு விடும் பழைய காருடையது. டிரம்முக்குள் விரலை ஓட்டினேன். சுற்றிலும் இரண்டு வரிப் பள்ளம், நகம் முழுசாக உள்ளே இறங்கியது. பிரேக் மிதித்தால் சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உட்சுவரில் போய் அழுந்தும் வளைந்த இரும்புத் துண்டுதான் ஷூ, அதன் மேல் இருக்கும் உராய்வுப் பட்டைதான் லைனிங். அந்த லைனிங் தேய்ந்து தீர்ந்து, அதை ஷூவோடு பிடித்திருக்கும் ரிவெட் தலைகள் டிரம்மை அறுத்திருக்கின்றன.

“சத்தம் வந்திருக்குமே தம்பி?”

“வந்துச்சுண்ணே. உள்ள பாட்டு ஓடும், பெருசா தெரியல. லேசா கடைஞ்சு கொடுங்க, சமமாயிடும்.”

சமமாகும், அளவு மீறிவிடும். டிரம்மைக் கடைய ஓர் எல்லை உண்டு. அதிகபட்ச விட்டம் இவ்வளவு என்று பல டிரம்களில் வார்ப்பிலேயே போட்டிருப்பார்கள். சின்னக் கார்களில் புது அளவுக்கு மேல் சுமார் 2 மில்லிமீட்டர்தான் இடம் கொடுப்பார்கள். அதைத் தாண்டிக் கடைந்தால் சுவர் மெலிந்துவிடும். மெலிந்த டிரம் சீக்கிரம் சூடாகி விரியும், ஷூ எட்டாது, பெடல் கீழே கீழே போகும். முடிவில் விரிசலும் விடும். ‘ஒரு பக்கம் மட்டும்தான் கீறல், அதை மட்டும் கடைங்க’ என்று வருகிறவர்களும் உண்டு. ஒரே ஆக்சிலில் இருக்கும் இரண்டு டிரம்மும் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் மிதித்ததும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கடைந்த டிரம்முக்குள் தேய்ந்த ஷூவையே திரும்ப மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை. வளைவு பொருந்தாமல் நடுவில் மட்டும்தான் தொடும். அந்தத் தம்பியின் டிரம்களை நான் கடையவில்லை. ஊரில் லேத்துக்கா பஞ்சம், வேறு யாராவது கடைந்து கொடுத்திருப்பார்கள்.

இன்னொன்று, மெக்கானிக் தம்பிகளுக்கு. டிரம்மைக் கழற்றியதும் ஏர் பிடித்துத் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

நம் ஊருக்கென்று தனியாக ஒரு கேடும் இருக்கிறது, உப்புக்காற்று. தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் வாசலில் நிற்கும் காரின் பிரேக் பைப்பைத் தடவினால் துரு செதில் செதிலாகக் கையோடு வரும். வெள்ளமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். 2015 மழைக்குப் பிறகும், ஃபெஞ்சல் புயலை அடுத்து 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் திரண்டு வந்த பிறகும் என்னிடம் வந்த டிரம்களுக்குள் வண்டல் களிமண்ணாக இறுகிக் கிடந்தது. சீட்டையும் மேட்டையும் வெயிலில் காயவைத்தவர்கள் டிரம்மைத் திறக்க மறந்துவிட்டார்கள். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் பிஸ்டன் துருவேறி இறுகினால் அந்தச் சக்கரம் பிரேக் பிடிக்காது, அல்லது பிடித்ததை விடாது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக் இழுக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும் சரக்குதான். டாட் 3 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தர அளவு. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த அளவு 140க்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், அதனால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. கடலூர் சமதளம்தானே என்பார்கள். இங்கிருந்துதானே குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போய் அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறார்கள்! இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றுவது ஒன்றும் பெரிய செலவு இல்லை.

இனி டயர். சும்மா நிற்கிற வண்டியின் டயர்தான் எனக்குப் பயம். ‘பட்டன் அப்படியே இருக்கே’ என்பார்கள், ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகளைத்தான் பட்டன் என்கிறார்கள். பட்டன் இருக்கும், ரப்பர் செத்திருக்கும். டயரின் பக்கச் சுவரில் சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 1416 என்றால் 2016ஆம் வருஷத்தின் 14ஆவது வாரம் செய்த டயர். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. வெயிலிலேயே நிற்கும் வண்டிக்கு அவ்வளவு காலம்கூட நான் தரமாட்டேன். பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் ஆறாவது வருஷமே மாற்றிவிடுவது நல்லது. ஓடித் தேய்கிற டயருக்குச் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருந்தாக வேண்டும். அந்த அளவைக் காட்டும் சின்ன மேடு டயரின் பள்ளத்துக்குள்ளேயே இருக்கிறது, பட்டன் தேய்ந்து அதோடு சமமாகிவிட்டால் கதை முடிந்தது. அம்பாசடர்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய நைலான் டயர் இரண்டு, ரேடியல் இரண்டு என்று கலந்து ஓட்டாதீர்கள். அதிலும் ரேடியலை முன்னால் போட்டுக்கொண்டு நைலானைப் பின்னால் தள்ளினால், ஈர ரோட்டில் ஒரு வளைவில் பின்பக்கம் விசிறிக்கொண்டு போகும்.

ஆல்டரேஷன் ஆசைக்கு வருகிறேன். மாருதி 800க்குக் கம்பெனி கொடுத்தது 145/70 ஆர் 12 அளவு டயர். அதைக் கழற்றிவிட்டு 155/70 ஆர் 13 போட்டால் கார் கம்பீரமாகத்தான் நிற்கும். கணக்குப் போட்டால் டயரின் விட்டம் 508 மில்லிமீட்டரிலிருந்து 547 ஆகிறது, ஏறக்குறைய 8 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 65ஐ நெருங்கியிருக்கும். உள்ளே இருக்கும் பிரேக் பழைய பிரேக்தான், சக்கரம் பெரிதானால் அதன் பிடி அந்த அளவுக்குக் குறையும். வண்டியைத் தாழ்த்துகிறோம் என்று காயில் ஸ்பிரிங்கை கேஸ் கட்டரால் வெட்டுகிறவர்களை என்ன சொல்வது? சூடு பட்ட இடத்தில் ஸ்பிரிங்கின் பதம் போய்விடும், அப்புறம் அது வெறும் கம்பி. பின்பக்கம் இறங்கிவிட்டது என்று பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) கூடுதலாக ஒரு இலை சேர்ப்பதும் அதே ஜாதிதான். ஆள் ஏறாத நேரத்தில் பின்பக்கம் குதிக்கும், பிரேக் போட்டால் பின்சக்கரம் ரோட்டைப் பிடிக்காமல் துள்ளும். பழைய பட்டையைக் கழற்றி, பதம் போயிருந்தால் செட்டாக மாற்றி, ஷேக்கிள் புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் ஜோடியாகப் போட்டாலே வண்டி தானாக நிமிரும்.

எல்லா மாற்றமும் தப்பு என்று சொல்ல வரவில்லை. பிற்கால அம்பாசடர்களில் முன்னால் டிஸ்க் பிரேக் வந்தது. அதைப் பழைய வண்டிக்குக் கொண்டுவருவது நல்ல வேலைதான், ஆனால் பெடலின் அழுத்தத்தைக் குழாய்க்குள் அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர், அந்த அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். டிரம்முக்கு என்று செய்த பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கும். அதோடு டிஸ்க்கை இணைத்தால் டிஸ்க்கை அழுத்தும் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், தேசிய நெடுஞ்சாலையில் புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடை தாண்டுவதற்குள் ரிம்மில் கை வைக்க முடியாது. ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனிக் கணக்கிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே எழுத்து மூலம் அனுமதி கேட்டுவிட்டு வேலையில் இறங்குவது நல்லது.

கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கத்துப் போக்குவரத்து அதிகாரிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். புதுப்பிக்க வரும் பழைய காரை ஜாக்கியில் ஏற்றுங்கள். நான்கு சக்கரத்தையும் கையால் சுற்றிவிட்டு, ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் கிங் பின்னோ பால் ஜாயின்டோ தேய்ந்திருப்பது கைக்கே தெரியும். பின்னால் ஒரு டிரம்மைக் கழற்றச் சொல்லுங்கள். டயரின் நான்கு எண்களையும் பிரேக் ஹோஸின் வெடிப்பையும் பாருங்கள். பிரேக்கை அளக்கும் உருளை மெஷின் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வண்டிக்கு அரை மணி நேரம் கூடுதலாகும். ஆகட்டும். தேறாத வண்டிக்கு எஃப்.சி. கொடுக்காதீர்கள், அது என் அம்பாசடராக இருந்தாலும் சரி.

கடிதம் எழுதிய அந்த வாசகரிடம் பழைய கார் இருந்தாலும், அவரிடம் இல்லாமல் அவருடைய பக்கத்து வீட்டில் ஒன்று இருந்தாலும், டிரம்களைக் கழற்றி என் பட்டறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அளந்து பார்த்து, கடையலாமா கூடாதா என்று சாக்பீஸில் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. சேற்றைக் கழுவிவிட்டுக் கொண்டுவரச் சொல்லவும். வெள்ளிக்கிழமை பட்டறை விடுமுறை.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர்,
கடலூர் முதுநகர்.