மூத்த குடிமக்கள் நலச் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், சிரமம் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போகும் என்பதால் அவர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் நம் உறுப்பினர்கள் ஒன்பது பேர் காலமானார்கள். அவர்கள் குடும்பத்தாருக்குச் சங்கத்தின் ஆழ்ந்த இரங்கல். ஆண்டு இறுதியில் உறுப்பினர் எண்ணிக்கை 214.

பொங்கல் விழா, குடியரசு தினம், சுதந்திர தினம் வழக்கம்போல் நடந்தன. மார்ச்சில் இணையவழி மோசடி பற்றி விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. ஜூலையில் தாராசுரம், தஞ்சாவூர் ஒரு நாள் சுற்றுலா. செப்டம்பரில் கண் சிகிச்சை முகாம். செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. இரண்டு முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை) இல்லாமல் டீ மட்டும் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

இனி காப்பீட்டு விஷயம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் "செயலாளர் சங்க வேலையை விட்டுவிட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வேலை பார்க்கிறார்" என்று ஒரு பேச்சு அடிபடுவது என் காதுக்கும் வந்தது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். எனக்கும் என் மனைவிக்கும் பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. மத்திய அரசு காப்பீட்டு வரியைக் குறைத்தாலும் கூட்டினாலும் என் பாக்கெட்டில் ஒரு ரூபாய் ஏறவோ இறங்கவோ போவதில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் சங்க அறையில் காப்பீட்டு உதவி மேசை போட்டு உட்கார்ந்தது முழுக்க உறுப்பினர்களுக்காகத்தான்.

மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பர் 11 அன்று எடுத்த முடிவிலிருந்துதான் இது தொடங்கியது. 70 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று அறிவித்தார்கள். அக்டோபர் 29 அன்று அதைத் தொடங்கியும் வைத்தார்கள். நாடு முழுக்க சுமார் 6 கோடி முதியவர்களுக்கு இது பொருந்தும் என்றது அரசு. அன்றிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓயவே இல்லை.

முதலில் வந்தது யாருடைய திட்டம் என்ற சண்டை. ஒருவர் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோதே எல்லாம் வந்துவிட்டது என்றார். இன்னொருவர் 2012இல் அம்மா கொண்டுவந்த முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீடுதான் இன்றைக்கும் ஓடுகிறது என்றார். மூன்றாமவர் 2018 செப்டம்பரில் ராஞ்சியில் பிரதமர் ஆயுஷ்மான் பாரத்தைத் தொடங்கிய பிறகுதான் 5 லட்சம் என்ற பேச்சே வந்தது என்று படத்தோடு போட்டார். விஜயவாடாவில் வேலை பார்த்துவிட்டு வந்த நம் அண்ணன் ஒருவர், 2007இல் ஆந்திராவில் ராஜசேகர ரெட்டி ஆரோக்கியஸ்ரீ கொண்டுவந்துவிட்டார், நீங்கள் எல்லோரும் லேட் என்று ஒரு வரி போட்டுவிட்டுக் குழுவை விட்டே வெளியேறிவிட்டார். அவர் சந்தாவும் பாக்கி. இத்தனை பேர் வரலாறு பேசினார்களே தவிர, தன் வீட்டுக்கு அருகில் எந்த மருத்துவமனை எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அட்டை கையில் இருந்தும், சேர்க்கைக்கு அருகில் திட்டத்தில் இணைந்த ஆஸ்பத்திரி இல்லையென்றால் அந்த அட்டையை வைத்து என்ன செய்வது?

அடுத்து 60க்கும் 70க்கும் இடையில் உள்ளவர்களின் கோபம். நம் சங்கத்தில் இவர்கள்தான் பாதிக்கு மேல். ரயிலில் மூத்த குடிமக்கள் கீழ்ப் படுக்கைக்கு ஆண்களுக்கு 60 வயது என்றால், வருமான வரியில் மூத்த குடிமகன் 60 என்றால், ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஏன் 70 என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மாநிலத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் சான்று வேண்டும். நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்த வரம்புக்கு மேலே, நல்ல பாலிசி வாங்கும் வசதிக்குக் கீழே. இந்த நடுவில் நிற்பவர்களைப் பற்றி எந்த அறிவிப்பிலும் ஒரு வரி இல்லை.

சிலர் எதிர்ப்பக்கம். எழுபத்தைந்து வயது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "ஏழைகளுக்கு என்று வந்ததில் நான் போய் நிற்பதா?" என்று படிவத்தை வாங்கவே மறுத்தார். வருமானம் பார்க்காமல் கொடுப்பதுதான் ஐயா என்று சொன்னாலும் கேட்கவில்லை. கணவன் மனைவி இருவருக்கும் 70 ஆகிவிட்டால் இருவருக்கும் சேர்த்துத்தான் 5 லட்சம், ஆளுக்கு 5 லட்சம் இல்லை என்று சொன்னபோது, அதுவரை திட்டத்தைப் புகழ்ந்துகொண்டிருந்த இரண்டு தம்பதிகள் என்னவோ நான்தான் பாதியை எடுத்துக்கொண்ட மாதிரிப் பார்த்தார்கள். தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். முன்னாள் ராணுவத்தினர், மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தில் இருப்பவர்கள் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை ஒரு தாளில் அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அது இன்னும் இருக்கிறது, யாரும் கிழிக்கவில்லை, யாரும் படிக்கவும் இல்லை.

பதிவு செய்வதில் உள்ள பாடு தனி. வயதுக்கு ஆதாரில் உள்ளதுதான் கணக்கு. நம் ஆட்கள் பலருக்கு ஆதாரில் பிறந்த வருஷம் மட்டும்தான் இருக்கும், அதுவும் அன்றைக்கு முகாமில் உட்கார்ந்திருந்த பையன் போட்ட வருஷம். மூன்றாவது குறுக்குத் தெருவிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஆதாரில் வயது சரியாக இருந்தது, கைரேகைதான் விழவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரலில் ரேகையே இல்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார், பத்து விரலையும் மாற்றிப் பார்த்தோம். சரி, ஓடிபி வழியில் போகலாம் என்றால் போன் நம்பர் பெங்களூரில் இருக்கும் மகனுடையது. மகனைக் கூப்பிட்டு, "தம்பி, ஆறு எண் வந்திருக்கும், சொல்லுங்கள்" என்றேன். அந்தப் பையன் என்னிடம், "யார் சார் நீங்க? போலீசில் கொடுத்துவிடுவேன்" என்கிறான். அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்று மார்ச் கூட்டத்தில் கற்றுக்கொண்டு போய் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அந்த அம்மாதான். கடைசியில் அவரே போனை வாங்கி, மகனின் சின்ன வயசுச் செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எண் வந்தது. அதற்குள் நேரம் முடிந்து மறுபடி முதலிலிருந்து.

ஜிஎஸ்டி விஷயத்துக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி மன்றம், தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் இருந்த 18 சதவீத வரியை முழுக்க நீக்கியது. செப்டம்பர் 22 முதல் நடைமுறை. நல்ல செய்திதான். ஆனால் ஒரே தெருவில், ஒரே கம்பெனியில், ஒரே பாலிசி வைத்திருக்கும் இரண்டு உறுப்பினர்கள். ஒருவருக்குப் புதுப்பிக்கும் மாதம் ஆகஸ்ட், இன்னொருவருக்கு அக்டோபர். இருவருக்கும் பிரீமியம் 52,000. ஆகஸ்ட்காரர் வரி 9,360 சேர்த்து 61,360 கட்டினார். அக்டோபர்காரர் 52,000 மட்டும். ஆகஸ்ட்காரர் ரசீதைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டு, வரியைத் திருப்பி வாங்கிக் கொடு என்று ஒரு மணி நேரம் சத்தம். கட்டியது கட்டியதுதான், திருப்பித் தர வழியில்லை என்றதும் நிதியமைச்சரையே நேரில் பார்த்த மாதிரி என்னைத் திட்டிவிட்டுப் போனார். அக்டோபர்காரர் மட்டும் சந்தோஷப்பட்டாரா என்றால் அதுவும் இல்லை. போன வருஷம் அவருடைய பிரீமியம் 47,500; வரியோடு 56,050. இந்த வருஷம் பிரீமியமே 52,000 ஆகிவிட்டது. மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் தன்னிடம் முதலில் கலந்துபேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டிருக்கிறது. கம்பெனியும் சட்டத்தை மதித்து ஒன்பதரை சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டது. ஆக, 18 சதவீதம் போய் அவருக்கு மிஞ்சியது 4,050 ரூபாய். தினசரியில் வந்த தலைப்பைப் பார்த்துவிட்டு அவர் பத்தாயிரம் எதிர்பார்த்திருந்தார்.

குழுக் காப்பீட்டுக்கு இந்த விலக்கு கிடையாது. வேலை பார்த்த இடத்தின் வழியாகக் குழுப் பாலிசியில் இருப்பவர்கள், பிரீமியம் முழுவதையும் தங்கள் கையிலிருந்தே கட்டினாலும், பழையபடி வரியோடுதான் கட்ட வேண்டும். சங்கமே ஒரு குழுப் பாலிசி எடுக்கலாம் என்று போன பொதுக்குழுவில் போட்ட தீர்மானம் இதனால்தான் கிடப்பில் இருக்கிறது. செயலாளரின் அலட்சியத்தால் இல்லை.

உதவி மேசையால் என்ன பலன் என்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஓர் உறுப்பினர், பெயர் வேண்டாம், இதய சிகிச்சைக்கு இரண்டரை லட்சம் கிளெய்ம் போட்டார். சர்க்கரை இருந்ததை மறைத்துவிட்டீர்கள் என்று கம்பெனி நிராகரித்துவிட்டது. அவர் பாலிசி எடுத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. 2024இல் மாறிய விதிப்படி, இடைவிடாமல் 60 மாதம் பிரீமியம் கட்டியவரின் கிளெய்மை, நிரூபிக்கப்பட்ட மோசடி இல்லாவிட்டால், விவரத்தை மறைத்தார் என்ற காரணத்துக்காக மறுக்க முடியாது. முன்பு இது எட்டு வருஷம். இதைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போவோம், அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம் என்றும் சேர்த்தேன். மூன்றாவது வாரம் பணம் வந்துவிட்டது, கையுறை, பஞ்சு, ஊசி என்று கொஞ்சம் பிடித்தம் போக. மிக்க மகிழ்ச்சி. அந்த உறுப்பினரின் இரண்டு வருஷச் சந்தா 600 ரூபாய் மட்டும் இன்றுவரை வரவில்லை. அவர் இன்று வரவும் இல்லை.

நவம்பரில், 70 என்பதை 60 ஆக்க வேண்டும், சொந்தப் பணத்தில் கட்டும் ஓய்வூதியர் குழுப் பாலிசிக்கும் வரிவிலக்கு வேண்டும் என்று மனு தயாரித்து, நிதியமைச்சகத்துக்கும் நம் எம்.பி.க்கும் அனுப்பினோம். 214 பேரில் கையெழுத்துப் போட்டவர்கள் 63. மனுவால் ஏதாவது ஆகுமா என்று சிரித்தவர்கள், பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தவர்கள், மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றவர்கள் மீதிப் பேர். இவர்களுக்கு ஒரு தகவல். இந்த 18 சதவீத வரியை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி நிதியமைச்சருக்கு எழுதிய கடிதம் நாடெங்கும் பேசப்பட்டது அல்லவா? அந்தக் கடிதமே நாகபுரியில் உள்ள எல்ஐசி ஊழியர் சங்கம் அவரிடம் கொடுத்த மனுவை வைத்து எழுதப்பட்டதுதான். ஆகஸ்டில் எதிர்க்கட்சி எம்.பி.க்கள் நாடாளுமன்ற வாசலில் நின்றார்கள். ஓராண்டு கழித்து வரி போயிற்று. எல்லாம் மனுவால்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சங்கத்தில் 63 கையெழுத்துக்கு மேல் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்தபடி, கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்று இறக்கம், கவலைப்படும்படி இல்லை. உதவி மேசைக்கான ஜெராக்ஸ், தபால் செலவு "பல்வகை"யில் அடங்கும். அதைப் பற்றிக் கேள்வி கேட்க விரும்புபவர்கள் முதலில் தங்கள் சந்தா ரசீதைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். நிலுவை வைத்திருப்பவர்கள் 81 பேர். பட்டியலை ஒட்ட வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் ஒட்டவில்லை.

வழிகாட்டிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், துணைச் செயலாளருக்கும், கண் முகாம் மருத்துவர்களுக்கும், கணக்கைச் சரிபார்த்த தணிக்கையாளருக்கும், செவ்வாய்க்கிழமைகளில் டீ கொண்டுவந்த எதிர்க் கடைத் தம்பிக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் உதவி மேசை தொடருமா என்று சிலர் கேட்டார்கள். என் கண்ணில் புரை எடுக்க வேண்டியிருக்கிறது. பிப்ரவரியில் சில வாரம் நான் வர முடியாது. போனில் படிவம் நிரப்பத் தெரிந்த, பொறுமையுள்ள ஒருவர் செவ்வாய்க்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் மேசை நடக்கும். அப்படி யாரும் முன்வராவிட்டால் புதிய செயலாளரைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் மறுபடி நிற்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மனுவின் இரண்டாவது படிவம் நுழைவாயில் மேசையில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே ரசீதுப் புத்தகமும் இருக்கிறது. சாப்பாடு முடியும்வரை பொருளாளர் அங்கேதான் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்