வீட்டிலேயே பொருத்தச் சொல்லி விற்றீர்கள். வீட்டில் பொருத்தியதைக் காரணம் காட்டிக் கைவிரிக்கிறீர்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், கார் உதிரிப்பாகக் கடை, உபி, சிங்கப்பூர்

பொருள்: டொயோட்டா 86 காருக்கு வாங்கிய புகைபோக்கி முனைகளின் விலையைத் திருப்பித் தருதலும் பம்பர் சேதத்துக்கான ஈடும்

அன்புடையீர்,

"பொருளை வாடிக்கையாளர் தாமே வீட்டில் பொருத்தியிருப்பதால் உத்தரவாதம் செல்லாது" என்று நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. அந்தப் பதிலையும் உங்கள் பெட்டியின் மூடியையும் அருகருகே வைத்துப் படமெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். மூடியில் இருப்பது இது: "பட்டறைக்குப் போக வேண்டாம். வீட்டிலேயே அரை மணி நேரத்தில் நேராகப் பொருத்தலாம்." தீபாவளிச் சலுகைக்காக நீங்கள் அச்சிட்ட தமிழ்த் துண்டறிக்கையிலும் அதே வாசகம், இன்னும் பெரிய எழுத்தில். தமிழில் கூவி விற்றதனால் தமிழிலேயே முறையிடுகிறேன். பந்திக்கு அழைத்து உட்கார வைத்துவிட்டு இலையை உருவுவது போன்றது உங்கள் பதில்.

நான் பொங்கோலில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவன். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் காரைத் தூக்கி நிறுத்தி வேலை பார்க்க முடியாது என்பது இந்த ஊரில் கார் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். ஊரில் பெரும்பாலோர் வீவக வீடுகளில் வாழும்போது, இந்தப் பெட்டியை யாருக்காக அச்சிட்டீர்களோ! எனக்குச் செராங்கூன் கார்டன்ஸில் தரைவீட்டில் இருக்கும் தாய்மாமா வாய்த்திருக்கிறார். சின் மிங் பட்டறை ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவருடைய வீட்டு முகப்பில், அவருடைய கருவிகளைக் கொண்டு, அவர் கண்ணெதிரேதான் முனைகளைப் பொருத்தினோம்.

சைலன்சரை நாங்கள் தொடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரவில் குடியிருப்பையே எழுப்பும் சைலன்சர்களில் எனக்கு விருப்பமில்லை. நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கவும் ஆசையில்லை. கம்பெனி வைத்த சைலன்சர் அப்படியே இருக்க, அதன் இரு வால்குழாய்களின் மேலும் செருகும் முனைகளை மட்டுமே வாங்கினேன். விலை 380 வெள்ளி.

இனி வேலைக்கு வருகிறேன். இந்தக் காரின் பின்புறம் குறுக்காக ஒரே சைலன்சர் தொங்குகிறது. அதன் இரு முனைகளிலிருந்தும் பக்கத்துக்கொரு வால்குழாய் வெளியே வருகிறது. ஆகையால் ஒரு பக்கத்தை உயர்த்தினால் மறுபக்கம் தாழும். முதலில் முன்குழாயோடு சேரும் இணைப்பைத் தளர்த்தி, சைலன்சரைத் தாங்கும் ரப்பர்கள் எந்தப் பக்கமும் இழுபடாமல் செங்குத்தாகத் தொங்கும்படி விட வேண்டும். அதன் பிறகுதான் முனைகளைச் செருகி, எல்லாக் கிளாம்பையும் அரைகுறையாக இறுக்கி, அளந்து, திருப்பி, மீண்டும் அளந்து, கடைசியில் முன்னிருந்து பின்னாக முழுதும் இறுக்க வேண்டும். அளவைத் தரையிலிருந்து எடுக்கக்கூடாது. மழைநீர் வடிவதற்காக முகப்புத் தரை எப்போதும் சற்றுச் சரிந்தே இருக்கும். பம்பரின் விளிம்பிலிருந்து எடுக்க வேண்டும். இத்தனையும் மாமா சொல்லித் தெரிந்தது. உங்கள் வழிகாட்டித் தாளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அந்தத் தாளில் இருப்பது என்ன? "ஜாக்கியால் காரைத் தூக்கி அடியில் செல்லவும்." அவ்வளவுதான். தூக்கிய காரைத் தாங்கு கால்களின் (ஜாக் ஸ்டாண்டுகளின்) மேல் இறக்கிவிட்டுத்தான் அடியில் நுழைய வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவர் காருக்கடியில் படுக்கவே கூடாது என்று ஒரு வரி சேர்க்க உங்களுக்கு மனம் வரவில்லை. என் பம்பரை விட எனக்கு அதிகக் கோபம் இதில்தான். உங்கள் துண்டறிக்கையைப் படித்துவிட்டு, பக்கத்தில் மாமா இல்லாத ஒரு இளைஞர் இதைச் செய்து பார்த்தால் என்ன ஆகும்?

முனைகள் நேராகத்தான் அமைந்தன. பின்னால் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே உயரம், சாய்வாக வெட்டிய வாய் இரண்டிலும் ஒரே கோணம். படங்கள் இருக்கின்றன. ஆனால் காரை ஓட்டிச் சூடேறிய பிறகு இடது முனை தன் இடத்தில் நிற்கவில்லை. மெல்லத் திரும்பி, கீழே சாய்ந்து, குழாய் வெளியே வருவதற்காகப் பம்பரில் விட்டிருக்கும் வெட்டுவாயை உரசியபடி நின்றது. மறுபடியும் இறுக்கினோம், மறுபடியும் அதே கதை. பம்பர் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. 160 டிகிரி செல்சியஸ் சுமாரில் அது உருகிவிடும். இளகுவதற்கு அவ்வளவு சூடும் தேவையில்லை. விளிம்பு சுருங்கி, பெயிண்ட் கொப்புளித்துவிட்டது.

காரணத்தைத் தேட முனைகளைக் கழற்றி வெர்னியர் காலிப்பரால் அளந்தோம். பெட்டியில் நீங்கள் குறித்திருக்கும் உள்விட்டம் 63.5 மில்லிமீட்டர். வலது முனை 63.6, அது சரி. இடது முனை 65.2. ஒரே பெட்டியில் ஜோடியாக வந்தவை இவை. ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் தளர்வாக இருக்கும் குழாயைக் கிளாம்ப் எப்படிப் பிடிக்கும்? கிளாம்பின் இரு காதுகளும் ஒன்றோடொன்று முட்டிய பிறகும் உள்ளே பிடிப்பு ஏற்படவில்லை. "போதிய அளவு இறுக்கவில்லை" என்றும் உங்கள் பதிலில் ஒரு வரி இருந்தது. போதிய அளவு என்பது எவ்வளவு? முறுக்குவிசை எத்தனை நியூட்டன் மீட்டர் என்று தாளில் எங்கும் இல்லையே!

இன்னொன்றையும் உங்கள் தொழில்நுட்பப் பிரிவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பம்பருக்கும் முனைக்கும் 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும் என்கிறது தாள். நீங்கள் பெருமையாகக் குறிப்பிடும் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு, 100 டிகிரி சூடேறினால் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1.7 மில்லிமீட்டர் நீளும். காரின் குழாய் வேறு ரகமாக இருந்து சற்றுக் குறைவாக நீண்டாலும், எஞ்சினிலிருந்து பின்பக்கம் வரை வரும் முழு நீளத்துக்கும் கணக்குப் போட்டால் முனை பல மில்லிமீட்டர் இடம்பெயரும். ரப்பர்களில் தொங்குவதால் ஓட்டத்தில் ஆடவும் செய்யும். குளிர்ந்த நிலையில் அளந்த 3 மில்லிமீட்டர் என்ன பாதுகாப்பைத் தரும்? சூடாக இருக்கும்போது ஒருமுறை பார்த்துச் சரிசெய்யச் சொல்லியிருக்க வேண்டாமா?

நீங்கள் பட்டறைக் கதையைச் சொல்வதால் சட்டத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் விதிகளின்படி, பொருளை ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியவர் விற்றவர்தான். நான் வாங்கியது தீபாவளிச் சலுகையில். ஆறு மாதம் இன்னும் ஆகவில்லை. அளவு பிசகிய முனை கையில் இருக்கும்போது, அதை யார் எங்கே பொருத்தினார்கள் என்ற ஆராய்ச்சி எதற்கு? பட்டறையில் பொருத்தியிருந்தாலும் 65.2 மில்லிமீட்டர் 63.5 ஆகிவிடாது.

எனக்கு வேண்டியது இதுதான். 380 வெள்ளியை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். கடைக்கான பற்றுச்சீட்டோ வேறொரு ஜோடியோ வேண்டாம். உங்கள் அளவுகோலில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பம்பரின் விளிம்பைச் சீராக்கிப் பெயிண்ட் அடிக்கக் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறை கொடுத்த 450 வெள்ளி மதிப்பீட்டை இணைத்திருக்கிறேன். அதையும் நீங்கள் ஏற்க வேண்டும். தாங்கு கால்கள் பற்றிய எச்சரிக்கை சேரும்வரை அந்த வழிகாட்டித் தாளை யாருக்கும் கொடுக்காதீர்கள். இந்தக் கடைசிக் கோரிக்கைக்குப் பணம் எதுவும் செலவாகாது என்பதால் முதலில் அதையே செய்துவிடலாம்.

கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். தொலைபேசியில் பேச வேண்டாம்; அதில் இனிமையாகப் பேசிய உங்கள் ஊழியர் எவரும் பிறகு எதையும் எழுதித் தரவில்லை. பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன். அங்கும் தீராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்கு என்னைப் போன்ற பயனீட்டாளர் கட்ட வேண்டிய கட்டணம் 10 வெள்ளி.

முனைகள் இரண்டையும் கிளாம்புகளோடு அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் காலிப்பரோடு வந்தால் என் முன்னிலையிலேயே அளந்து பார்த்துவிட்டு எடுத்துச் செல்லலாம். வார நாள்களில் மாலை ஏழு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பொங்கோல்

இணைப்பு: பற்றுச்சீட்டின் நகல், பெட்டி மூடியும் உங்கள் பதிலும் உள்ள படம், பொருத்திய அன்றும் பம்பர் கருகிய பிறகும் எடுத்த படங்கள், பட்டறை மதிப்பீடு