அந்த மாத்திரையை நாளைக்கே தூக்கிப் போட்டுவிடாதே

அன்புள்ள பாப்பா,

தீபாவளி முடிந்ததிலிருந்து தினமும் ராத்திரி அல்பிரசோலம் என்ற பதற்றம் குறைக்கும் மாத்திரையை அரை மில்லிகிராம் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாய் என்று அம்மா சொன்னாள். அவள் அழுததும், "சரிம்மா, நாளைக்கே அத்தனையும் குப்பையில் போட்டுடறேன்" என்றாயாமே. அதைத்தான் செய்யாதே என்று எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

மூளைக்குள் பதற்றத்தை அடக்கும் பிரேக் ஒன்று இயல்பாகவே உண்டு. காபா என்பார்கள். இந்த மாத்திரை அந்த பிரேக்கை அழுத்திக் கொடுக்கிறது. வாரக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருந்தால் மூளை அதற்குப் பழகி, தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். அப்போது மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, முன்பைவிட மோசமான தூக்கமின்மை எல்லாம் வரும். சிலருக்கு வலிப்பே வரும்.

நம் மருந்துக் கடைக்கு ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வருவார். வருஷக்கணக்காக இதே மாத்திரை. காசிக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துவிட்டது. இரண்டே நாளில் லாட்ஜில் வலிப்பு வந்து விழுந்துவிட்டார். ஊர் திரும்பிக் கல்லாவில் பணம் எண்ணும்போது நோட்டு கையில் நிற்கவில்லை, நானே வாங்கி எண்ணினேன். அப்புறம் டாக்டர் அவரை அதே வகை மருந்தான டயஸிபாமுக்கு மாற்றி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அல்பிரசோலம் உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும், டயஸிபாம் மெதுவாகத்தான் போகும். அதனால்தான் அந்த மாற்றம். உன் அளவு சின்னதுதான், உனக்கும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் நிறுத்துவதை நீயாகச் செய்யக் கூடாது.

இந்த மருந்தை நான் விஷம் என்று சொல்ல மாட்டேன். பயத்தில் மூச்சுத் திணறுகிறவர்களை இது நிமிர்த்தியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பெரும்பாலும் இரண்டு, நான்கு வாரத்துக்கான மருந்து அது. நீ போடுவது உன் ரூம்மேட்டுக்கு டாக்டர் எழுதிய மாத்திரை. அந்தச் சீட்டு அவள் உடம்பைப் பார்த்து எழுதியது, உனக்கு இல்லை. பட்டையில் சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை இருக்கும், பார். ஹெச்1 அட்டவணை மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. 2014-லிருந்து இதை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சீட்டு கேட்காமல் கொடுக்கும் கடைக்காரன் உனக்கு நல்லது செய்யவில்லை.

இன்னொன்று, ஆபீஸ் பார்ட்டி. நீ குடிக்கிறாயா இல்லையா என்று கேட்கவில்லை. ஆனால் இந்த மாத்திரையோடு பீரோ ஒயினோ சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிப் போகலாம். கோடீன் கலந்த இருமல் சிரப், வீரியமான வலி மாத்திரைகளும் அப்படித்தான். சளி மாத்திரைகூட மயக்கத்தைக் கூட்டும். ராத்திரி நீ பேசியது காலையில் உனக்கே நினைவில்லை என்று அம்மா சொன்னாளே, அதுவும் இந்த மாத்திரையால் வரக்கூடியதுதான். காலையில் தலை கனமாக இருந்தால் ஸ்கூட்டியை எடுக்காதே.

டாக்டரைப் பார்க்கும்வரை அதே அரை மில்லிகிராம், அதே நேரம். தூக்கம் வரவில்லை என்று இன்னொன்று போட்டுக்கொள்ளாதே. இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பார். பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியே இருக்கிறது. எவ்வளவு, எத்தனை மாதமாக, குடிப் பழக்கம் உண்டா, எதையும் மறைக்காமல் சொல். எவ்வளவு வேகத்தில் குறைப்பது என்று அவர் சொல்வார். தூக்கம் ஏன் கெட்டது என்பதையும் அவரிடமே பேசு. நடுராத்திரி வரை அமெரிக்காக்காரனோடு கால் பேசிவிட்டுப் படுத்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? அவசரமாகப் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். கை நடுக்கமோ குழப்பமோ வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

உன்மேல் எனக்குக் கோபம் துளியும் இல்லை. அம்மா அங்கே வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா என்று கேட்கிறாள். சரி என்றால் வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போடுகிறேன். டாக்டர் சொன்னதை எனக்கு எழுது, சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பு.

அப்பா