நாற்பது ஆண்டுப் பழைய விலையில் நம் நெல்லை எடைபோடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக வர்த்தக அமைப்பின் வேளாண்மைப் பேச்சுவார்த்தை இழுபறியில் கிடப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆதரவு விலையில் அரசு நெல் வாங்குவதற்கு நிரந்தரத் தீர்வு கேட்டு இந்தியாதான் முட்டுக்கட்டை போடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மன்னார்குடிப் பக்கம் ஆறு ஏக்கரில் நெல் போடுகிறவன் நான். அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

1995-இல் நடைமுறைக்கு வந்த வேளாண்மை ஒப்பந்தத்தின்படி, இந்தியா போன்ற வளரும் நாடு ஒரு பயிருக்குத் தரும் விலை ஆதரவு, அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த ஆதரவை அளக்கும் படியில்தான் கோளாறு. குறைந்தபட்ச ஆதரவு விலையை இன்றைய உலகச் சந்தை விலையோடு உலக வர்த்தக அமைப்பில் ஒப்பிடுவதில்லை. 1986 முதல் 1988 வரை இருந்த விலையோடு ஒப்பிடுகிறார்கள். இந்திய அரிசிக்கு அது டன்னுக்கு 262.51 டாலர். 1986-87-இல் ஒரு குவிண்டால் சாதாரண நெல்லுக்கு ஆதரவு விலை 146 ரூபாய். 2025-26 பருவத்தில் 2,369 ரூபாய். இத்தனைக்கும் நடுவில் உலக வர்த்தக அமைப்பின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவில் எழுதிவைத்த அந்த ஓர் எண் மட்டும் அசையவில்லை.

2018-19 கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அந்த ஆண்டு நெல் குவிண்டால் 1,750 ரூபாய். நூறு கிலோ நெல் அரைத்தால் 67 கிலோ அரிசி என்று வைத்தால், அரிசி கிலோ 26 ரூபாய் சொச்சம். டாலர் அப்போது 70 ரூபாய் அளவில் இருந்தது. ஆக டன்னுக்கு ஏறத்தாழ 373 டாலர். இதில் பழைய 262.51-ஐக் கழித்தால் வரும் 110 டாலரும் விவசாயிக்குக் கொடுத்த மானியம் என்று கணக்கில் ஏறிவிடுகிறது. அதைக் கொள்முதல் செய்த அளவோடு பெருக்கினால் 500 கோடி டாலர். நெல் உற்பத்தியின் மதிப்பு 4,367 கோடி டாலர். பத்து சதவீத வரம்பு தாண்டிவிட்டது என்று 2020-இல் இந்தியாவே அறிவிக்க வேண்டியதாயிற்று. அதே காலத்தில் தாய்லாந்து அரிசி உலகச் சந்தையில் டன் 400 டாலருக்கு மேல் போனது. உலக விலைக்கும் கீழே விற்ற விவசாயியை உலக வர்த்தக அமைப்பின் கணக்கேடு மானியக்காரன் என்று பதிந்து வைத்திருக்கிறது.

கடந்த குறுவையில் எங்கள் பகுதிக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் ஒன்பது நாள் காத்திருந்தேன். சாலையோரம் நெல்லைக் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடினோம். மழை விட்ட நேரமெல்லாம் விரித்து, நானும் என் மனைவியும் காலால் கிளறிக் கிளறிக் காயவைத்தோம். கருவியில் ஈரப்பதம் 19 காட்டியது. வாங்குவது 17 வரைதான். குவியலின் அடியில் கையை விட்டால் சூடாக இருந்தது, நெல் முளைவிட்டிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் சொல்கிறேன், அந்த நிலையம் வேண்டும். அது இல்லாத ஊரில் வியாபாரி சொல்வதுதான் விலை. கொள்முதல் நிலையத்தில் நாங்கள் போடும் நெல் சிப்பம்தான் அரிசியாகி ரேஷன் கடைக்குப் போகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒப்பந்தம் போட்ட நாளில் யார் மானியத்தை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்களோ அவர்களுக்கே தனி வரம்பு கிடைத்தது. அமெரிக்காவுக்கு மட்டும் ஆண்டுக்கு 1,910 கோடி டாலர். அன்று கொடுக்க வழியில்லாமல் இருந்த நாடுகளுக்கு அந்தச் சலுகை இன்றும் இல்லை. ஏழை நாடு வளர்வதற்குச் சட்டம் வழிவிட வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

2013 டிசம்பரில் இந்தோனேசியாவின் பாலியில் நடந்த அமைச்சர்கள் மாநாட்டில் ஒப்புக்கொண்ட சமாதான விதி இருக்கிறதே என்பார்கள். நிரந்தரத் தீர்வு வரும் வரை, வரம்பைத் தாண்டினாலும் வழக்குப் போடமாட்டோம் என்பது அதன் சாரம். ஆனால் பாலி முடிவின் தேதியில் ஏற்கெனவே நடப்பில் இருந்த திட்டங்களுக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு. இன்று ஓர் ஆப்பிரிக்க நாடு தன் மக்களுக்காகப் புதிதாகச் சோளக் கொள்முதலைத் தொடங்கினால் அதற்கு இடமில்லை. 2022 மே மாதம் ஆப்பிரிக்கக் குழுவும் வளரும் நாடுகளின் கூட்டணியான ஜி-33-உம் சேர்ந்து நிரந்தரத் தீர்வுக்கு முன்மொழிவு வைத்தது இதனால்தான். 2017-இல் பியூனஸ் அயர்ஸிலும் 2024-இல் அபுதாபியிலும் அமைச்சர்கள் கூடினார்கள், தீர்வு வரவில்லை.

எதிர்த்தரப்பு சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உலகிலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்யும் நாடு நாம். கொள்முதல் அரிசி வெளிச்சந்தைக்குக் கசிந்தால் வேறொரு நாட்டு விவசாயியின் விலை விழும். 2023 ஜூலையில் நாம் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது, இறக்குமதியை நம்பியிருந்த மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் திண்டாடின. அரசுக் கையிருப்பிலிருந்து ஏற்றுமதி கூடாது என்று கண்டிப்பான விதி எழுதட்டும், நாம் கையெழுத்திடுவோம். அந்தக் கவலைக்கு மருந்து அது. 1986 விலை மருந்தல்ல.

புதிதாக எதையும் கேட்கவும் வேண்டியதில்லை. மிகையான பணவீக்கத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதே ஒப்பந்தத்தின் 18-ஆம் பிரிவில் 4-ஆம் பத்தி சொல்கிறது. முப்பது ஆண்டாக அந்த வரிக்கு உயிர் கொடுக்கத்தான் ஆளில்லை. கடந்த சில ஆண்டுகளின் சராசரி விலையை அடிப்படையாக வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை "இந்தியாவின் முட்டுக்கட்டை" என்று எழுதும்போது, பக்கத்திலேயே அந்த 262.51 டாலரையும் அது எந்த ஆண்டு விலை என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.