ஷிப்ட் மாறும் அந்தப் பத்து நிமிடம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மென்திறன் பயிற்சி என்றாலே ஆங்கிலம் பேசுவதும் மேடைக் கூச்சம் போக்குவதும்தான் சொல்லித்தரப்படுகின்றன. ஆலைகளில் அவசரமாகத் தேவைப்படுவது ஷிப்டை ஒழுங்காக ஒப்படைக்கும் பழக்கம். லாக் புத்தகத்தில் ‘எல்லாம் நார்மல்’ என்று எழுதிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினால், அடுத்து வருபவருக்கு எதுவுமே தெரியாது.

‘பம்பில் சத்தம்’ என்பதும் போதாது. ‘2ஆம் பம்ப், மோட்டார் பக்க பேரிங், அதிகாலை 3 மணியிலிருந்து சத்தம், கிரீஸ் வைத்தும் குறையவில்லை, 6 மணிக்கு 78 டிகிரி’ என்றிருந்தால், வருபவர் எதைக் கவனிப்பது என்று உடனே தெரிந்துகொள்வார். பைபாஸ் செய்த (தற்காலிகமாகச் செயல்படாமல் வைத்த) சென்சார், கழற்றிவைத்த வால்வு, முடிக்காத வேலை அனுமதிச் சீட்டு ஆகியவற்றைப் பக்கத்தின் தலைப்பிலேயே எழுத வேண்டும். 1988இல் வடகடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த தகவல் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பம்பை இயக்கியதும் எரிவாயு கசிந்து வெடித்தது. அந்த விபத்தில் 167 பேர் இறந்தனர்.

எழுதினால் மட்டும் ஆகாது. மெஷின் அருகே நின்று சொல்ல வேண்டும். கேட்டவர் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகே இருவரும் கையெழுத்திட வேண்டும். வெறும் தலையாட்டலை நம்பக் கூடாது, தூக்கக் கலக்கத்தில் 3ஆம் பம்ப் 2ஆம் பம்பாகக் காதில் விழும்.

தொழிலாளியை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. ஒப்படைக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட்டு, கம்பெனி பஸ்ஸை 15 நிமிடம் தாமதமாக எடுக்க நிர்வாகங்கள் முன்வர வேண்டும். ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் இதைச் செய்முறையாகவே கற்றுத்தர வேண்டும்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளர், ஓசூர்